படகு போகாத நாளின் கணக்கு

"இன்று கடலுக்குப் போன படகெல்லாம் திரும்பிவிட்டனவா?" என்று ஒருவர் கேட்கிறார். அன்று ஒரு படகும் போகவில்லை. பதில் என்ன?

பேச்சில் இதற்கு நாம் நேராகப் பதில் சொல்வதில்லை. "கடல் இப்படிக் கிடக்கிறது, யார் போனார்கள் இன்றைக்கு" என்று சொல்லி முடித்துவிடுவோம். கணினிக்கு அந்த வசதி கிடையாது. கேட்டால் ஒரு மதிப்பைத் தர வேண்டும், இல்லையென்றால் பிழை என்று சொல்லி நிற்க வேண்டும். ஏபிஎல் என்ற கணினி மொழியின் பதில்: ஆம், எல்லாம் திரும்பிவிட்டன. "ஒரு படகாவது திரும்பியதா?" என்று மாற்றிக் கேட்டால் அது சொல்வது: இல்லை. இரண்டும் ஒரே காலிப் பட்டியலிலிருந்து வரும் பதில்கள், இரண்டும் சரியானவை. திரும்பாத படகு ஒன்றைக் காட்டினால்தான் முதல் பதிலை மறுக்கலாம். திரும்பிய படகு ஒன்றைக் காட்டினால்தான் இரண்டாவதை மறுக்கலாம். காட்டுவதற்குப் படகே இல்லை.

திருகோணமலையில் படகு போகாத நாள் அபூர்வமானதல்ல. உட்துறைமுகம் எந்தக் காற்றிலும் அமைதியாகக் கிடக்கும். அதனால்தான் ஐரோப்பியக் கடற்படைகள் இதற்காக அடித்துக்கொண்டன. வெளிக்கடல் அப்படியல்ல. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று குச்சவெளி, நிலாவெளிக் கரைகளில் படகு இறக்க விடாது. சோளகம் வீசும் மாதங்களில் மேற்குக் கரை கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இங்கே வந்து வாடி போட்டுத் தொழில் செய்வார்கள். வாடை பிறக்கும் முன் ஊர் திரும்பிவிடுவார்கள். போர்க்காலத்தில் காற்றே இல்லாத நாளிலும் கடலுக்குப் போக முடியாதபடி தடைகள் இருந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு போவதற்குப் படகே இல்லாத கரைகள் இருந்தன. ஆகவே காலிப் பட்டியல் என்பது இந்தக் கரையின் கணக்கில் விதிவிலக்கு அல்ல, ஆண்டுதோறும் வருவது. அதை ஒரு கணக்குமுறை எப்படி நடத்துகிறது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இதைத் தொடக்கத்திலிருந்தே ஒழுங்காக நடத்தியவர் கென்னத் ஐவர்சன். 1920இல் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் பிறந்தவர். ஹாவர்டில் கற்பித்த காலத்தில், கணக்கீடுகளைக் கரும்பலகையில் சுருக்கமாகவும் ஐயமின்றியும் எழுதுவதற்கு ஒரு குறியீட்டு முறையை உருவாக்கினார். 1962இல் அது நூலாக வந்தது. அந்த நூலின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் ஏபிஎல். 1966இல் அது ஐபிஎம் கணினியில் ஓடும் மொழியாயிற்று. 1979இல் அவருக்கு டியூரிங் விருது கிடைத்தபோது, குறியீடு சிந்திப்பதற்கான கருவி என்பதையே விருதுரையின் பொருளாக எடுத்துக்கொண்டார். அவருடைய மொழியில் பட்டியலும் அட்டவணையும் எண்ணைப் போலவே முழுப் பொருள்கள். நூறு எண்களைக் கூட்ட ஒவ்வொன்றாய்ச் சுற்றி வரத் தேவையில்லை. பட்டியலை முழுதாய்ப் பிடித்து, கூட்டு என்று ஒரு குறியை முன்னால் போட்டால் போதும். மட்லாப், ஆர், பைத்தானின் நம்பை, ஐவர்சனே ரொஜர் ஹுய்யோடு சேர்ந்து 1990இல் கொண்டுவந்த ஜே எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

பட்டியலை முழுதாகப் பிடிப்பது என்றால் காலிப் பட்டியலையும் பிடிக்கத்தான் வேண்டும். இங்கேதான் ஐவர்சனின் நுட்பம் தெரிகிறது. இலங்கைப் பாடநூல் தாயம் என்றும் தமிழ்நாட்டுப் பாடநூல் அணி என்றும் சொல்லும் அந்த எண் அட்டவணைக்கு, உள்ளே இருக்கும் எண்கள் வேறு, வடிவம் வேறு. இரண்டு நிரையும் மூன்று நிரலும் இருந்தால் 2×3. ஏபிஎலில் 0×3 என்பதும் முறையான தாயம்: நிரை ஒன்றும் இல்லை, நிரல் மூன்று உண்டு. 3×0 என்பதும் முறையானதே. இரண்டிலும் ஓர் எண்கூட இல்லை. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. நிரல்வாரியாகக் கூட்டச் சொன்னால் முதலாவது மூன்று பூச்சியங்களைத் தரும். இரண்டாவதில் கூட்டுவதற்கு நிரலே இல்லாததால் காலிப் பட்டியலைத் தரும்.

காலிப் பட்டியலின் கூட்டுத்தொகை ஏன் பூச்சியம்? வசதிக்காக அப்படி வைத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு; வேறு எதையும் வைக்க முடியாது. கொட்பே துறைமுகத்தில் ஒரு நாளில் இறங்கிய மீனின் நிறைகளை எழுதி வைத்திருக்கிறோம் என்று கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை எங்கே வேண்டுமானாலும் இரண்டாக வெட்டலாம்; இரண்டு துண்டின் கூட்டுத்தொகைகளையும் சேர்த்தால் முழுத்தொகை வர வேண்டும். முதல் நிறைக்கும் முன்னாலேயே வெட்டினால் ஒரு துண்டு காலி, மற்றது முழுப் பட்டியல். காலித் துண்டின் தொகை பூச்சியமாக இருந்தால்தான் கணக்கு நிற்கும். பெருக்கலுக்கு இதே வாதம் 1 என்று முடியும். எல்லாம் உண்மையா என்ற கேள்விக்கு ஆம் என்றும், ஏதாவது ஒன்று உண்மையா என்ற கேள்விக்கு இல்லை என்றும் முடியும். தொடக்கத்தில் சொன்ன இரண்டு பதில்களும் இந்த வெட்டிலிருந்தே வருகின்றன.

தாயப் பெருக்கலில் இது இன்னும் அழகாக இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். கொட்பே, மூதூர், குச்சவெளி என்று மூன்று இறங்குதுறைகள். ஐந்து படகுகள். சூடை, பாரை, சீலா, அறுக்குளா என்று நான்கு மீன்கள். முதல் தாயத்தில் நிரைக்கு ஒரு துறை, நிரலுக்கு ஒரு படகு. அந்தப் படகு அந்தத் துறையில் இறங்கியிருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அது 3×5. இரண்டாவதில் நிரைக்கு ஒரு படகு, நிரலுக்கு ஒரு மீன், கட்டத்தில் கிலோ. அது 5×4. பெருக்கினால் படகுகள் நடுவிலிருந்து மறைந்து, எந்தத் துறையில் எந்த மீன் எவ்வளவு என்ற 3×4 அட்டவணை கிடைக்கும். மூதூர் நிரையில் பாரையின் கட்டத்தில் இருப்பது, மூதூரில் இறங்கிய எல்லாப் படகுகளின் பாரையும் சேர்ந்த தொகை.

இப்போது ஒரு படகும் போகாத நாள். முதல் தாயம் 3×0. இரண்டாவது 0×4. நடுவில் இரண்டு பக்கமும் 0 என்பதால் பெருக்கலுக்குத் தடையில்லை. விடை 3×4. ஒவ்வொரு கட்டமும் ஒரு படகும் இல்லாத பட்டியலின் மீதான கூட்டல். ஆகவே ஒவ்வொன்றும் 0. ஓர் எண்கூட இல்லாத இரண்டு தாயங்களிலிருந்து பன்னிரண்டு பூச்சியங்கள் நிரம்பிய அட்டவணை வந்துவிட்டது. எந்தப் பூச்சியமும் பொய் இல்லை. குச்சவெளியில் அன்று சீலா இறங்கவில்லை என்பது நடந்த உண்மை. அதை யாரும் தனியாக எழுதி வைக்கவில்லை, துறைகளின் பெயரும் மீன்களின் பெயரும் வடிவத்தில் தங்கியிருந்ததால் கணக்கு தானாகவே சொல்லிவிட்டது. இதைக் காணும் ஒவ்வொரு முறையும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

வடிவத்தைத் தூக்கி எறிந்திருந்தால் இது நடக்காது. மட்லாப் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. கிளீவ் மோலர் 1970களின் பிற்பாதியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் தன் மாணவர்களுக்காக எழுதத் தொடங்கிய மொழி அது. அதில் காலித் தாயம் என்றால் ஒன்றே ஒன்றுதான்: 0×0. மூன்று நிரலோடு காலியாக இருப்பதற்கும் மூன்று நிரையோடு காலியாக இருப்பதற்கும் அதில் வேறுபாடு கிடையாது. 1990இல் காள் டி போர் இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். பொறியாளர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் ஸ்பிளைன் வளைகோடுகளின் கணிதத்தில் முதன்மையான பெயர் அவருடையது. அப்படிப்பட்டவர் உட்கார்ந்து ஒன்றுமே இல்லாத தாயங்களின் விதிகளை எழுதியிருக்கிறார். தலைப்பிலேயே வெறுமையைச் சொல்லியிருந்தார். 1993இல் கட்டுப்பாட்டுப் பொறியியலிலிருந்து நெட், ஹடாட் என்ற இருவர் அதே விஷயத்தை எடுத்தார்கள். உள்ளீடே இல்லாத, அல்லது உள்நிலையே இல்லாத ஓர் அமைப்பையும் அதே சமன்பாடுகளில் எழுத முடியவேண்டும் என்பது அவர்களுடைய தேவை. மட்லாபின் 5ஆம் பதிப்பில்தான் 0×3, 3×0 எல்லாம் உள்ளே வந்தன. பழைய பழக்கத்தின் தழும்பு ஒன்று இன்னமும் இருக்கிறது: 0×0 தாயத்தை எந்தத் திசையில் என்று குறிப்பிடாமல் கூட்டச் சொன்னால், வழக்கமான நிரல்வாரிக் கூட்டலின்படி நிரலே இல்லாததால் காலிப் பட்டியல் வர வேண்டும், ஆனால் மட்லாப் ஒற்றைப் பூச்சியத்தைத் தருகிறது.

ஆரில் வேறொரு குழி. நியூசிலாந்தின் ஒக்லண்டில் ரொஸ் இஹாகாவும் றொபேர்ட் ஜென்டில்மனும் தொடங்கிய இந்த மொழியை இன்று புள்ளிவிபரத் துறையில் பலர் பயன்படுத்துகிறார்கள். அதில் 1 முதல் படகுகளின் எண்ணிக்கை வரை ஒவ்வொன்றாய் எடு என்று எழுதினால், படகு இல்லாத நாளில் அது 1 முதல் 0 வரை என்றாகும். ஆர் அதைப் பின்னோக்கி எண்ணச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு 1, 0 என்று இரண்டு சுற்று சுற்றும். இல்லாத படகுக்கு இரண்டு முறை கணக்குப் பார்க்கும். நல்ல நாட்களில் மாதக்கணக்காகச் சரியாக ஓடிய புரோகிராம் மார்கழியில் விழும். ஐவர்சன் அயோட்டா என்ற கிரேக்க எழுத்தால் குறித்த செயல் 0 கொடுத்தால் காலிப் பட்டியலைத் தரும், சுற்று நிகழாது. ஆரிலும் இதற்கு வழி உண்டு, பட்டியலின் நீளத்துக்கேற்ப எண்ணும் தனிக் கட்டளை இருக்கிறது. புதிதாய்ப் படிப்பவர்களுக்கு அதை முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டும்.

காலி என்றாலும் எதனுடைய காலி என்ற நினைவும் உண்டு. ஏபிஎலில் பெயர்கள் இருந்த பட்டியல் காலியானால், அதிலிருந்து ஓர் உறுப்பை எடுக்கச் சொன்னால் வெற்றிடம் வரும்; எண்கள் இருந்த பட்டியலானால் 0 வரும்.

இதுவரை சொன்னதெல்லாம் இசைவானவை. எல்லாக் கேள்வியும் அப்படி முடிவதில்லை. அன்றைக்கு இறங்கியதில் மிகப் பெரிய மீனின் நிறை என்ன? வெட்டு வாதத்தின்படி காலிப் பட்டியலின் பெருமதிப்பு, எந்த எண்ணோடு ஒப்பிட்டாலும் தோற்பதாக இருக்க வேண்டும். ஜே எதிர் முடிவிலி என்கிறது. ஏபிஎல் கணினியால் எழுத முடிந்த மிகச் சிறிய எண்ணைத் தருகிறது. ஆர் எதிர் முடிவிலியைத் தந்து கூடவே எச்சரிக்கிறது. நம்பை பதில் சொல்ல மறுத்து, பிழை என்று நிற்கிறது. தொடக்க மதிப்பை நீயே கொடு என்கிறது. கணக்கின் நடுவே எதிர் முடிவிலி சரிதான், அடுத்த துறையின் பட்டியலோடு சேரும்போது அது தானாகக் கரைந்துவிடும். மக்கள் படிக்கும் அறிக்கையில் அது வரக் கூடாது.

சராசரி இன்னும் கடினம். ஒரு படகுக்குச் சராசரியாக எவ்வளவு மீன்? தொகை 0, படகு 0. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் ஏபிஎல் 1 என்கிறது, எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் 1 என்ற ஒழுங்கைக் காப்பதற்காக. ஜே 0 என்கிறது. நம்பை எண் அல்ல என்று ஒரு குறியை வைத்து எச்சரிக்கிறது. இந்த இடத்தில் நான் ஐவர்சனோடு இல்லை. படகுக்கு ஒரு கிலோ என்றால் அது பொய். படகுக்குப் பூச்சியம் என்றால், போன படகுகள் வெறுங்கையோடு வந்தன என்று பொருள், அதுவும் பொய். போகாத படகுக்குச் சராசரி கிடையாது. கூட்டலுக்குக் காலியிலும் விடை உண்டு, சராசரிக்குக் கிடையாது. இந்த வேறுபாட்டை மறைக்காத மொழியே நேர்மையானது.

வடிவத்தை நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு கணக்கும் இங்கே இருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தின் அடுத்த கரையில் சீனக்குடாவில் பிரித்தானியர் கடற்படைக்கென்று கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 2022 ஜனவரி உடன்படிக்கை கணக்கிட்டது 99 தாங்கிகளை: 14 லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். இவற்றில் மேல்பகுதியில் உள்ள தாங்கிகள் பல பத்தாண்டுகளாக எண்ணெய் இல்லாமல் காட்டுக்குள் துருவேறி நின்றன. அந்தப் பகுதியில் இருந்த எண்ணெய் எவ்வளவு என்று கேட்டால் விடை பூச்சியம். தாங்கியே கட்டப்படாத ஒரு கரையில் கேட்டாலும் விடை பூச்சியம். கூட்டுத்தொகைக்கு இரண்டும் ஒன்று. தாயத்தின் வடிவத்தைக் கேட்டால்தான் ஒன்றில் பல நிரைகள் இருப்பதும் மற்றதில் ஒன்றும் இல்லாததும் தெரியும். இலங்கையும் இந்தியாவும் பல ஆண்டுகள் பேரம் பேசியது அந்த நிரைகளுக்காகத்தான். உள்ளே எண்ணெய் இருந்ததா என்பது பேச்சாகவே இல்லை.

பூச்சியம் நிரம்பிய நிரை ஒன்று. நிரையே இல்லாதது ஒன்று. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது இந்த மாவட்டத்தை நேரடியாகத் தொட்டது: நிரை இருக்கிறது, உள்ளே என்ன என்று யாரும் பார்க்கவில்லை.

1981இல் இலங்கை முழுவதும் குடிசன மதிப்பீடு நடந்தது. 1991இல் நடக்கவில்லை. 2001இல் நடந்தது, ஆனால் 25 மாவட்டங்களில் 18இல் மட்டும்தான் முழுமையாக. வடக்கிலும் கிழக்கிலும் இருந்த மற்ற ஏழில் திருகோணமலையும் ஒன்று. 2012இல்தான் மீண்டும் நாடு முழுவதும் எண்ணினார்கள். முப்பத்தொரு ஆண்டு இடைவெளி. 1983 இனக்கலவரம் வந்தது, இடம்பெயர்வுகள் வந்தன, முகாம்கள் வந்தன, சுனாமி வந்தது, மூதூரிலும் சம்பூரிலும் 2006இல் போர் மீண்டும் வந்து ஊர்களே காலியாயின. இவ்வளவும் ஓர் எண்ணிக்கைக்கும் அடுத்த முழு எண்ணிக்கைக்கும் நடுவில் நடந்தவை.

2001ஐ ஓர் ஆய்வாளர் கணினியில் ஏற்றுகிறார் என்று வையுங்கள். அவருக்கு மூன்று வழி உண்டு. எண்ணி முடித்த 18 மாவட்டங்களை மட்டும் எடுத்து 18 நிரை கொண்ட தாயம் செய்யலாம். 25 நிரை வைத்து, எண்ணாத இடங்களில் 0 போடலாம். 25 நிரையும் வைத்து, அறியப்படாத கட்டங்களில் அறியப்படவில்லை என்ற குறியை வைக்கலாம். முதல் வழியில் திருகோணமலை தாயத்தின் வடிவத்திலிருந்தே விழுந்துவிடுகிறது. பின்னால் வருபவருக்கு அப்படி ஒரு மாவட்டம் விடுபட்டதே தெரியாது. இரண்டாவது, ஆட்கள் வாழ்ந்த வீட்டை ஆளில்லாத வீடாக்குகிறது. மூன்றாவதுதான் சரி.

அந்த மூன்றாவதையும் மொழிகள் ஒரே மாதிரி நடத்துவதில்லை. ஆரில் அறியப்படாத கட்டம் ஒன்று இருந்தாலும் கூட்டுத்தொகை அறியப்படாததுதான். விட்டுவிட்டுக் கூட்டு என்று நாமாகச் சொல்ல வேண்டும். பைத்தானில் அட்டவணை வேலைக்கு எல்லோரும் பயன்படுத்தும் பாண்டாஸ் அதைச் சொல்லாமலே விட்டுவிட்டுக் கூட்டிவிடும். எல்லாக் கட்டமும் அறியப்படாததாக இருந்தால்? ஒரு காலத்தில் பாட்டில்நெக் என்ற துணை நூலகம் கணினியில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து விடை மாறியது. ஒரே புரோகிராம், இரண்டு மேசையில் இரண்டு விடை. 2017 ஒக்டோபரில் வந்த 0.21 பதிப்பு அதைச் சீராக்கி, விடை அறியப்படவில்லை என்றது. காலிப் பட்டியலுக்கும் அதையே சொன்னது. எதிர்ப்பு வந்தது. டிசம்பர் கடைசியில் வந்த 0.22 பதிப்பு மாற்றி, இரண்டுக்கும் பூச்சியம் என்றது. குறைந்தது இத்தனை மதிப்பாவது இருந்தால்தான் கூட்டு என்று நாம் கேட்டுக்கொள்ள ஒரு வழியும் வைத்தது.

இரண்டு தீர்ப்பும் பாதிதான் சரி. படகு போகாத நாளின் தொகை பூச்சியம், அதில் 0.22 சரி. எண்ணப்படாத மாவட்டத்தின் தொகை அறியப்படவில்லை, அதில் 0.21 சரி. இரண்டையும் ஒரே கூடையில் போட்டதுதான் தவறு. ஐவர்சன் வடிவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரித்தது இதற்குத்தான் உதவுகிறது. நிரைகளின் எண்ணிக்கை 0 என்றால் நடக்கவில்லை என்று நமக்குத் தெரியும். நிரை இருந்து கட்டம் அறியப்படாதது என்றால் நடந்தது, நமக்குத் தெரியாது.

திருகோணமலையின் பழைய பதிவேடுகளை, மீன்பிடியானாலும் பாடசாலை வரவானாலும் வைத்தியசாலைப் புத்தகமானாலும், கணினியில் ஏற்றும் வேலை யார் கையில் வந்தாலும் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளிடமும்தான். ஒன்றும் எழுதப்படாத பக்கத்தைக் கண்டால் தாண்டிப் போகாதீர்கள், அதில் பூச்சியமும் போடாதீர்கள். நாளையும் தலைப்புகளையும் அப்படியே ஏற்றுங்கள். பக்கத்தில் ஒரு நிரல் கூடுதலாக வைத்து, அன்று ஒருவரும் வரவில்லையா, வந்தவர்களை ஒருவரும் எழுதவில்லையா என்று, தெரிந்த முதியவர் ஒருவரைக் கேட்டு எழுதுங்கள். அந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு இதுதான் காலம்.